பூச்சியமும் ஒன்றும் மட்டுமே கொண்ட தாயத்தைப் பிரித்தல்

கல்லடியில் ஒரு தனியார் வகுப்பில் முதல் மாணவி ‘இணைந்த கணிதம்’ என்னும் பாடமும் பௌதிகவியலும், இரண்டாமவர் அவற்றோடு இரசாயனவியலும், மூன்றாமவர் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்பதாகக் கொண்டு, கற்பதை 1 என்றும் கல்லாததை 0 என்றும் எழுதினால் ஒரு 3×3 தாயம், அதாவது எண்களின் சதுர அட்டவணை, கிடைக்கும். அதன் துணிகோவை (determinant) −1; அது பூச்சியமல்ல. ஆகவே வழமையான தரம், அதாவது வழமையான கூட்டலில் தாயத்தை உருவாக்கத் தேவையான துண்டுகளின் மிகக் குறைந்த எண்ணிக்கை, 3. ஆனால் 1+1=1 என்னும் பூலியன் கூட்டலில், கணிதம்–பௌதிகவியல், பௌதிகவியல்–இரசாயனவியல் என்ற இரண்டு சோடிகளே முழுத் தாயத்தையும் உருவாக்கிவிடும்; இத்தகைய துண்டுகளைக் காரணிகள் என்போம்.

தாயங்களைப் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் தனிப்பெறுமானப் பிரிப்பு (SVD) இந்தச் சோடிகளைக் காட்டாது. அது தரும் மறை எண்களுக்கும் பின்னங்களுக்கும் இங்கே பொருளில்லை. மாறிகள் முழு எண்களாகவே இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் சிறந்த விடையைத் தேடும் நிறைவெண் நிரலாக்கமோ ஒவ்வோர் உறுப்பையும் 0 அல்லது 1 ஆகவே வைத்திருக்கிறது. ஒரு காரணி ஒரு மாணவிக்கு உரியதா என்பதை அ என்றும், அக்காரணியில் ஒரு பாடம் உள்ளதா என்பதை ஆ என்றும் 0 அல்லது 1 ஆல் குறிப்போம். அ×ஆ என்னும் பெருக்கம் இம்முறைக்கு வேண்டிய நேர்கோட்டு வடிவில் அமையாததால், அதன் இடத்தில் 0 அல்லது 1 ஆக மட்டுமே இருக்கக்கூடிய இ என்னும் மாறியை இட்டு, இ ≤ அ, இ ≤ ஆ, இ ≥ அ+ஆ−1 எனக் கட்டுப்படுத்துகிறோம்; இம்மூன்று சமனிலிகளும் பெருக்கத்தை எள்ளளவும் பிசகாமல் பிடித்துக்கொள்வது எனக்கு இன்றும் பேரழகாகவே தெரிகிறது.

காரணிகளை இடம் மாற்றினாலும் விடை மாறாது என்பதால், 5 காரணிகள் இருந்தால் ஒரே விடை 120 வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்து தேடலை இழுத்தடிக்கும். எனவே காரணிகளுக்கு ஒரு நிலையான வரிசையை முன்கூட்டியே விதித்துவிடுவதே நல்லது. பெரிய அட்டவணைகளில் கணிப்பு நெடுநேரம் எடுக்கும். ஆயினும் இடையில் நிறுத்தினாலும், கையிலுள்ள விடை உத்தம விடையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற எல்லையை நிறைவெண் நிரலாக்கம் தந்துவிடுகிறது.