ஊட்டிக் குளிரில் பிலிம் ரோல்: கைக்குப் பழகியவை, இன்னும் பழகாதவை

பிரிட்ஜிலிருந்து எடுத்த கேமரா பிலிம் ரோலை ஒரு மணி நேரமாவது திறக்காமல் வைப்பது இப்போது தானாக வந்துவிடுகிறது. ஊட்டியில் இருப்பவனுக்கு பிரிட்ஜ் எதற்கு என்று கேட்பார்கள். குளிர் இங்கே தாராளம்தான், ஆனால் ஜூன், ஜூலையில் சுவரே வேர்க்கும், பிலிமுக்கு அந்த ஈரம்தான் ஆகாது. அதனால் ரோல்கள் அவற்றின் பிளாஸ்டிக் டப்பாவோடு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டிபன் டப்பாவில், அது பிரிட்ஜில். மழை நாளில் எடுத்து மேஜைமேல் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வெளிப்புறம் முழுக்கப் பனித்து, விரலால் தொட்டால் கோடு விழுகிறது. அப்போதே மூடியைத் திறந்தால் அதே ஈரம் பிலிம்மேல் உட்காரும்.

டிசம்பர், ஜனவரியில் கதை வேறு. விடியற்காலையில் தலைக்குந்தாவில் உறைபனி எடுத்துவிட்டு நேராக டீக்கடைக்குள் போகும்போது கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுகிறேன், உள்ளே அது மெதுவாகச் சூடேறட்டும். அப்புறம் ரீவைண்ட், அதாவது எடுத்து முடித்த பிலிமை உறைக்குள் திரும்பச் சுற்றுவது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், இந்து நகரில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவர், நான் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "சர்ருனு சுத்தாதீங்க தம்பி, மின்னல் விழும்" என்றார். காற்று காய்ந்திருக்கும் குளிரில் வேகமாக உரசினால் பிலிமில் நிலைமின்சாரம் பொறிந்து, கிளை கிளையாக மின்னல் போலவே தடம் பதியும். கழுவிய பிறகு அதை எடுக்க வழியே கிடையாது. கிராங்க் என்கிற சுற்றும் கைப்பிடி ஒவ்வொரு சுற்றும் கையில் தெரிகிற மாதிரி மெதுவாகச் சுற்றுவது எனக்குப் பிடித்தும் போய்விட்டது.

ரோல் மாட்டுவது எப்போதும் நிழலில்தான், நிழல் இல்லாவிட்டால் வெயிலுக்கு முதுகு காட்டி. அதற்கு முன் ரோல் உறையில் பிலிம் வெளிவரும் வாயிலுள்ள வெல்வெட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அங்கே ஒரு மணல் துகள் இருந்தால் 36 படத்திலும் ஒரே நீளக் கோடு. மாட்டியபின் தளர்ச்சியை இறுக்கிவிட்டு, பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது ரீவைண்ட் குமிழ் சுழல்கிறதா என்று கவனிக்கிறேன். சுழன்றால்தான் பிலிம் நகர்கிறது.

எடுத்து முடித்த ரோலில் நுனியை முழுசாக உள்ளே இழுத்துவிடுகிறேன், புது ரோலோடு குழம்ப வாய்ப்பே இல்லை. தேதியும் எந்த ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்திறன் அளவில்) எடுத்தேன் என்பதும் மார்க்கரால் மேலேயே எழுதிவிடுவது. எடுத்ததைச் சீக்கிரம் கழுவிவிடுவதும் முக்கியம், பதிந்த பிம்பம் நாள்பட மங்கும். இங்கே குழாய்த் தண்ணீர் சில்லென்று வருவதால் பிம்பத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பர் பாட்டிலை வெந்நீர் கலந்த பக்கெட்டில் நிறுத்தி 20 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகுதான் டேங்கில் ஊற்றுகிறேன்.

இப்போது 120 என்கிற அகல பிலிம் ரோலோடு மல்லுக்கட்டு. அதற்கு உலோக உறை கிடையாது, பிலிமோடு சேர்த்துச் சுற்றிய பின்தாள் மட்டும்தான், கேமராவிலிருந்து எடுக்கும்போது கொஞ்சம் தளர்ந்தாலும் ஓரங்களில் வெளிச்சம் புகும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே ஒட்டுத்தாளை இறுக்கிச் சுற்றிப் பழகுகிறேன், குளிரில் விரல் விறைத்த காலையில் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.