சட்டம் இல்லாத கதவு

மிச்சிகனில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் வேலை. கதவு பீடிங்தான் என் துறை. கதவைச் சாத்தியதும் மழையும் காற்றும் உள்ளே வராமல் தடுக்கிற கறுப்பு ரப்பர் பட்டையை ஊரில் மெக்கானிக்குகள் பீடிங் என்பார்கள். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அந்தச் சொல்தான் வாயில் வரும். காரில் யாரும் கவனிக்காத பொருள் அது. ஒழுகினால்தான் ஞாபகம் வரும்.

நாலு கதவுள்ள செடான் காருக்கு பீடிங் செய்வது பழகிய வேலை. கண்ணாடியைச் சுற்றிக் கதவோடு ஒரு சட்டம் இருக்கும். அது ரப்பரில் போய் அமுங்கும், அவ்வளவுதான். கூப்பே எனப்படும் இரண்டு கதவுக் கார்களில் பெரும்பாலும் அந்தச் சட்டம் கிடையாது. வெறும் கண்ணாடியே ரப்பரில் உட்கார வேண்டும். கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கிக் கதவுக்கு வழிவிடும். சாத்தியதும் மேலேறி ரப்பருக்குள் நுழையும். மொத்தமே இரண்டு கதவு என்பதால் ஒவ்வொன்றும் நீளம், கனம். நாள்பட நாள்படக் கீல் தொங்கும், கண்ணாடி நிற்கும் கோணம் மாறும். துளி விலகினாலும் நெடுஞ்சாலையில் விசில் சத்தம் கேட்கும்.

நான் சேர்ந்த சில வருடத்தில் அப்படி ஒரு கூப்பே எங்கள் கைக்கு வந்தது. அதன் பெயர் வேண்டாம். தண்ணீர் சோதனை அறையில் அந்தக் காருக்குள் டார்ச்சோடு எத்தனை இரவுகள் உட்கார்ந்திருப்பேன் என்று கணக்கில்லை. வெளியே நாலு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். உள்ளே, கதவுக் கண்ணாடியும் பின்பக்கக் கண்ணாடியும் சேருகிற மூலையில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். அந்த மூலையை மட்டும் ஆறு தடவை மாற்றினோம். ஏழாவது தடவை நாற்பது நிமிடம் காத்திருந்தும் மூலை காய்ந்தே கிடந்தது. காரை விட்டு இறங்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தரை வருடத்தில் அந்தக் காரை நிறுத்திவிட்டார்கள்.

சேதி வந்த வாரம் தொழிற்சாலையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. இவ்வளவு பேருக்குப் பிடித்த காரை எதற்கு நிறுத்துகிறார்கள்? நானும் கோபமாகத்தான் கேட்டேன். அடுத்த வருடம் என்னை விலை மதிப்பீட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். பதில் அங்கே இருந்தது.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு காரின் பீடிங்குக்கான டை (ரப்பருக்கு வடிவம் கொடுக்கிற கருவி), மூலை அச்சு எல்லாம் சேர்த்து 12 லட்சம் டாலர். ஆறு வருடத்தில் 3,60,000 கார் தயாரானால், காருக்கு 3 டாலர் 33 சென்ட். 1,20,000 கார்தான் தயாரானது என்றால் 10 டாலர். ரப்பரும் அதேதான், வேலையும் அதேதான். விலை மூன்று மடங்கு. இது பீடிங் மட்டும். கூப்பேயின் கூரை, கதவுகள், பின்பக்கத் தகடு, கண்ணாடிகள் எதுவும் செடானுக்குப் பொருந்தாது. அடித்தளத்தையும் எஞ்சினையும் வேறு கார்களோடு பங்குபோட்டுக்கொள்ளலாம். கண்ணுக்கு அழகாகத் தெரிகிற பகுதி முழுக்கத் தனிச் செலவு. அழகை எதனோடும் பங்குபோட முடிவதில்லை.

அந்த 3,60,000 ஏன் வருவதில்லை என்பதுதான் அடுத்த விஷயம். குடும்பக் கார் ஏறக்குறைய ஒரே சீராக விற்கும். பழையது தேய்ந்தவர்கள் வருடம் முழுவதும் வந்துகொண்டே இருப்பார்கள். கூப்பே அப்படியில்லை. அதற்காகவே காத்திருந்தவர்கள் முதல் இரண்டு வருடத்தில் வாங்கிவிடுவார்கள். மூன்றாம் வருடம் யார் வருவார்? நாங்கள் பீடிங் செய்த காருக்கும் அதுதான் நடந்தது. முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடியது. நான்காம் வருடம் வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் அதிகம்.

செவ்ரோலே கமாரோ என்ற கூப்பேயைப் பாருங்கள். ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு 2009-ல் திரும்பி வந்தபோது அமெரிக்கா கொண்டாடியது. 2010 முதல் 2014 வரை அமெரிக்க விற்பனையில் ஃபோர்டு மஸ்டாங்கை முந்தியிருந்தது. 2014-ல் 86 ஆயிரத்துக்கு மேல் விற்றது, 2021-ல் 22 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. அந்த வருடம் சிப் தட்டுப்பாட்டில், கமாரோ தயாரான லான்சிங் தொழிற்சாலை மாதக்கணக்கில் நின்றது உண்மைதான். ஆனால் இருக்கிற சிப்பை லாபம் அதிகமுள்ள டிரக்குகளுக்குக் கொடுத்தார்கள் என்பதே கமாரோ எந்த வரிசையில் நின்றது என்பதைச் சொல்லிவிடுகிறது. 2023 டிசம்பரில் கடைசி கார் லான்சிங்கில் தயாராகி வெளியே வந்தது.

ஆனால் நேசம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் நின்று பார்த்தால் தெரியும். 1995 முதல் நடக்கிற அந்த ஊர்வலத்தில் பழைய கார்கள் மைல் கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். சாலையோரம் நாற்காலி போட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வருடம் அங்கே எங்கள் கூப்பே ஒன்று நின்றிருந்தது. பக்கத்தில் இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பையன். பீடிங்கைப் பார்த்தேன். இடது மூலை வெடித்திருந்தது. சிலிக்கோன் பசை வைத்து ஒட்டியிருந்தான். நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, இந்த ரப்பர் எங்கே கிடைக்கும் என்று தெரியுமா என்று கேட்டான். பார்ட் நம்பரை மனப்பாடமாகச் சொன்னேன். போனில் குறித்துக்கொண்டான். அந்தக் காருக்கு அவன் மூன்றாவது உரிமையாளர். பள்ளியில் படிக்கும்போது அதன் படத்தை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தானாம்.

வீடு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பையனை விட அந்தக் காரை நேசித்தவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் எந்தத் தாளிலும் அவன் கணக்கில் வரவில்லை. கார் புதிதாக விற்ற காலத்தில் அவன் கையில் காசில்லை. இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காருக்கு இளைஞர்களிடம் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கிற தொகை வேறு பயமுறுத்தும். காசு வந்தபோது பழைய காரைத்தான் வாங்க முடிந்தது. வாங்கிய பணத்தில் ஒரு சென்ட்கூட தயாரித்தவருக்குப் போகவில்லை. புதிதாக வாங்கக் காசுள்ள வயதில் பலருக்குப் பின் இருக்கையில் குழந்தை நாற்காலி போட வேண்டிய தேவை வந்துவிடுகிறது.

இன்னொன்றும் அந்த வேலையில்தான் புரிந்தது. ஒரு காரை நிறுத்துவது என்று யாரும் ஒருநாள் உட்கார்ந்து தீர்மானிப்பது அபூர்வம். டை தேய்ந்து மாற்ற வேண்டிய நேரம் வரும், அல்லது புதிய சட்டம் ஒன்று அமலுக்கு வரும். அப்போது மறுபடி பணம் போட வேண்டும். விற்பனை சரிந்திருக்கும் அந்த வேளையில் கையெழுத்துப் போட ஆள் இருப்பதில்லை. ஜப்பானில் 2002 அப்படிப்பட்ட வருடம். புதிய புகைக் கட்டுப்பாடு வந்தபோது டொயோட்டா சுப்ரா, மாஸ்டா ஆர்எக்ஸ்-7, நிசான் சில்வியா, ஸ்கைலைன் ஜிடி-ஆர் எல்லாம் ஒரே கோடையில் போயின. இங்கே வட அமெரிக்காவில் அதே வருடம்தான் கமாரோ முதல்முறை நின்றது, அதோடு அதன் ஜோடிக் காரான ஃபயர்பேர்டும் நின்றது, அவற்றைச் செய்துகொண்டிருந்த கியூபெக் தொழிற்சாலையும் சேர்த்து மூடப்பட்டது. ரோட்டரி எஞ்சின் வைத்த மாஸ்டா ஆர்எக்ஸ்-8 யூரோ 5 புகை விதியைத் தாண்ட முடியாமல் 2010-ல் ஐரோப்பாவை விட்டுப் போனது. டொயோட்டா ஜிஆர்86 ஐரோப்பாவில் இரண்டே வருடம்தான் விற்கப்பட்டது. 2024 ஜூலையில் வந்த பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏற்ப அதை மாற்றுவது அந்த விற்பனைக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்தச் சட்டங்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவை உயிரைக் காப்பவை. செலவு எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி வருகிறது, தாங்கும் சக்திதான் ஒரே மாதிரி இல்லை.

காலியாகும் இடத்தில் என்ன வருகிறது என்பதும் தெரிந்ததுதான். போர்ச்சுகலில் பல்மேலா தொழிற்சாலையில் 2017-ல் ஃபோக்ஸ்வேகன் ஷிராக்கோ நின்றது. அதே வருடம் அங்கே டி-ராக் எஸ்யூவி தொடங்கியது. மிட்சுபிஷி எக்லிப்ஸ் 2011-ல் போனது, ஆறு வருடம் கழித்து அந்தப் பெயரை எக்லிப்ஸ் கிராஸ் என்று ஒரு எஸ்யூவிக்கு வைத்தார்கள். ஃபோர்டு பூமாவுக்கும் அதே கதி. பெயரையாவது விட்டுவைத்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பிழைத்தவை பெரும்பாலும் செலவைப் பங்குபோட்டுப் பிழைத்தவை. செலிகா, எம்ஆர்2, சுப்ரா மூன்றையும் இழந்த டொயோட்டா, 2012-ல் சுபாருவோடு சேர்ந்துதான் 86 என்ற கூப்பேயைக் கொண்டுவந்தது. 2019-ல் வந்த சுப்ராவும் பிஎம்டபிள்யூ இசட்4-ம் ஆஸ்திரியாவில் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. அதெல்லாம் உண்மையான சுப்ரா இல்லை என்று சண்டை போடுகிறவர்களிடம் நான் வாதாடுவேன். இரண்டு கம்பெனி சேர்ந்து டைக்குப் பணம் கட்டியதால்தான் அது இருந்தது.

உற்பத்தி நின்ற பிறகும் எங்கள் கூப்பேக்கு 15 வருடம் உதிரிபாகம் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். வருடத்துக்கு ஒரு முறை பழைய டையை எடுத்துத் துடைத்து, ஒரு நாள் ஓட்டுவோம். ஒப்பந்தம் முடிகிற வருடம் கடைசியாக ஒரு மொத்த ஆர்டர் கேட்டார்கள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போடுங்கள் என்று நான் எழுதினேன், கிடங்கு வாடகை யார் கொடுப்பது என்று பதில் வந்தது. கடைசியில் ஒன்றரை மடங்கில் ஒத்துக்கொண்டார்கள்.

அன்று காலை ஆறு மணிக்கே ஷாப் ஃப்ளோருக்குப் போய்விட்டேன். டை ரூமிலிருந்து அச்சைத் தள்ளிக்கொண்டு வந்தவருக்கும் ஓய்வு பெறுகிற வயது. மெஷின் சூடேறி முதல் மூலை வெளியே வந்ததும் எடுத்து என் கையில் கொடுத்தார். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். மெதுவாக எழும்பிப் பழைய இடத்துக்கு வந்தது. பெட்டியில் போடலாம் என்றேன்.