சீலிங்குக்குள்ள இருந்த முடி

பழைய வீட்டுல தொங்கிட்டிருந்த சீலிங்கோட ஒரு ஓரத்தை இன்னைக்கு மெதுவா பிரிச்சு எடுத்தேன், கையில வந்த சுண்ணாம்புக் காரைத் துண்டுக்குள்ள முடி!

மாட்டு முடியோ குதிரை முடியோ, பழுப்பா, நீளமா. இழுத்துப் பாத்தேன். காரை உதிருது, முடி அறுபட மாட்டேங்குது.

ஜிப்சம் போர்டெல்லாம் வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான். மெல்லிசான மர ரீப்பர்களை கொஞ்சம் கொஞ்சம் இடுக்கு விட்டு வரிசையா ஆணியடிச்சு, முடி கலந்த காரையை கீழ இருந்து அழுத்திப் பூசுவாங்க, அது இடுக்கு வழியா மேல பிதுங்கி ரீப்பருக்குப் பின்னாடி கொக்கி மாதிரி மடிஞ்சு இறுகிக்கும். மொத்த சீலிங்கும் அந்தக் கொக்கிங்கள்லதான் நிக்குது. அதுங்க உடைஞ்சா தொய்வு.

எல்லாத்தையும் இடிச்சுட்டு போர்டு அடிச்சிடுங்கன்னு நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. நல்லா பிடிச்சிருக்குற பாகம் அப்படியே இருக்கட்டும்.

தொய்ஞ்ச இடத்துல அகலமான வாஷர் வெச்சு ஸ்க்ரூ போட்டு மெல்ல இறுக்கணும், விழுந்த இடத்துல மறுபடி சுண்ணாம்புக் காரையே பூசணும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளிய விடும், பழைய வீட்டுக்கு அது ரொம்ப முக்கியம். காத்துல இருக்குற கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துத்தான் அது இறுகுது, அதனால அவசரப்படுத்தவே முடியாது, ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவுல பொறுமையா காத்திருக்கணும்.

நீங்களும் கை வைக்கிறதா இருந்தா ஒண்ணு கவனிங்க, பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், சொரசொரப்பான கோட்டிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டெஸ்ட் பண்ணாம சுரண்டாதீங்க, மூக்குல துணி கட்டிக்கிட்டா மட்டும் போதாது.