கெட்டி வேறு, கனம் வேறு

எண்ணெய் ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "அது கெட்டியா இருக்கு சார்" என்று ஒரு குரலாவது வரும். கெட்டியான தேன் அடியில் போய் உட்காருகிறதே என்றால் பதில் இருக்காது.

குழப்பத்தில் பாதி சொல்லால் வருவது. பேச்சில் அடர்த்தியான கஷாயம் என்போம். பாடநூலில் அடர்த்தி என்பது நிறையைக் கன அளவால் வகுத்தது. கெட்டித்தன்மைக்கு அங்கே பெயர் பாகுநிலை. இரண்டையும் பிரித்துக் காட்ட விளக்கெண்ணெயை மிஞ்சிய பொருள் கிடையாது.

முதலில் எடை. வாய் குறுகிய 50 மி.லி. மருந்துப் புட்டி ஒன்று, 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று. வெறும் புட்டியை வைத்துத் தராசைச் சுழியாக்கி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி எடை பாருங்கள். பிறகு கடலை எண்ணெய், கடைசியில் விளக்கெண்ணெய். 50 மி.லி.க்குத் தண்ணீர் 50 கிராம், கடலை எண்ணெய் ஏறக்குறைய 45.5, விளக்கெண்ணெய் 48. தண்ணீரை முதலில் அளப்பதற்குக் காரணம் உண்டு: எண்ணெய் பட்ட புட்டியைக் கழுவிக் காயவைப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். தண்ணீருக்குப் பின் புட்டியை நன்றாக உலர்த்துங்கள். அடியில் துளி ஈரம் தங்கினாலும் எண்ணெயின் எடை கூடிக் காட்டும். விளக்கெண்ணெயில் காற்றுக் குமிழ்கள் எளிதில் வெளியேறாது. ஊற்றியபின் பத்து நிமிடம் விட்டு, குறைந்ததை நிரப்பி எடை போடுங்கள்.

அடுத்து ஓட்டம். 10 மி.லி. சிரிஞ்ச், ஊசி வேண்டாம். தண்டை உருவிவிட்டு நுனியை விரலால் அடைத்து 10 கோடுவரை நிரப்பி, விரலை எடுத்து நேரம் பாருங்கள். தண்ணீர் சில நொடிகளில் இறங்கும். கடலை எண்ணெய்க்குப் பல மடங்கு நேரம். விளக்கெண்ணெய்க்கு நிமிடக் கணக்கு. முழுதும் காலியாகும்வரை அளப்பதுதான் பலர் செய்யும் தவறு. கடைசிச் சொட்டுகளைப் பரப்பு இழுவிசை நுனியில் பிடித்து வைத்துக்கொள்ளும். 10 கோட்டிலிருந்து 2 கோடுவரை போதும். மூன்றையும் ஒரே வேளையில் அளந்துவிடுங்கள்; வெயிலேற ஏற எண்ணெய் இளகிவிடும், காலைக் கணக்கும் மதியக் கணக்கும் ஒத்துப்போகாது.

இப்போது இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வையுங்கள். மூன்றில் மிக மெதுவாக ஓடுவது விளக்கெண்ணெய். ஆனாலும் தண்ணீரைவிட இலேசு.

இதையே கண்ணாரக் காட்ட, கண்ணாடி டம்ளரில் விளக்கெண்ணெய் ஊற்றிச் சாயம் கலந்த ஐஸ் கட்டி ஒன்றைப் போடுங்கள். ஐஸின் அடர்த்தி 0.917, விளக்கெண்ணெய் 0.96, கட்டி மிதக்கும். உருகிய நீர் எண்ணெயைவிடக் கனம், ஆகவே உருண்டையாகத் திரண்டு கீழே இறங்கும். எண்ணெய் கெட்டி என்பதால் வீழ்ச்சி மிக மெதுவாக இருக்கும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கலாம். கடலை எண்ணெயில் இதைச் செய்தால் சங்கடம்: அதன் அடர்த்தியும் ஐஸின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று. உள்ளே குமிழ் உள்ள கட்டி மிதக்கும், தெளிந்த கட்டி முழுகும். தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகவே ஆகாது, ஐஸைச் சுற்றி வெள்ளையாக உறைந்துவிடும்.

உறைவதுதான் அதன் சிறப்பும். 25 டிகிரிக்கு அருகிலேயே உறைவதால், ஐஸ் தட்டில் ஒரு குழியில் தண்ணீரும் இன்னொன்றில் தேங்காய் எண்ணெயும் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். தண்ணீர் மேலே புடைத்து நிற்கும். எண்ணெய் நடுவில் குழி விழுந்திருக்கும். ஒன்று விரிந்தது, மற்றது சுருங்கியது. அந்த எண்ணெய்க் கட்டியை உருகிய தேங்காய் எண்ணெயில் போட்டால் அடிக்குப் போகும். போகாமல் மிதந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. கலக்காமல் மெல்ல ஊற்றி, ஃப்ரீசருக்குப் பதில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓரிரவு உறையவிட்டு மறுபடி போடுங்கள்.

எண்ணெய்ப் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளால் துடைத்த பிறகே சோப்பு. நேரே தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.