மேல்பல்லா, கீழ்ப்பல்லா?

மகளுக்கு ஆறரை மாதம் ஆனபோது வாயில் வாணி (எச்சில்) ஒழுக ஆரம்பித்தது. கொஞ்சநஞ்சமில்லை. காலையில் கழுத்தில் கட்டிய துணியைப் பத்து மணிக்கெல்லாம் பிழிந்து காயப்போட வேண்டியிருந்தது. கைக்கு அகப்பட்டதையெல்லாம் கடித்தாள்: டிவி ரிமோட், என் தாலிக்கொடி, தாத்தாவின் முழங்கை. அப்போது பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். பல் முளைக்கப்போகிறது என்று தெரிந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

என் தம்பிக்கு மட்டும் வேறு கவலை. மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று ஆச்சி போகிற போக்கில் சொல்லிவிட்டாள். பி.இ. படித்தவன், தினமும் வேலை முடிந்து வந்ததும் அவள் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

ஆச்சியின் மருந்து வசம்பு. பிள்ளை வளர்ப்பான், பேர் சொல்லாதது என்றெல்லாம் அதற்குப் பட்டம் உண்டே. பிறந்த பதினாறாம் நாளே வசம்புத் துண்டுகளையும் கருப்பு மணியையும் நூலில் கோத்து இரண்டு கையிலும் கட்டியாயிற்று. ஆறு மாதம் அது பாட்டுக்குக் கிடந்தது. பல் ஊற ஆரம்பித்ததும் கதை மாறியது. அவள் நாள் முழுக்கக் கடித்தது அதைத்தான். ஒரு சாயங்காலம் தூக்கும்போது பார்க்கிறேன், நூல் ஈரத்தில் நொந்து நூலாகி, ஒரு வசம்புத் துண்டைக் காணோம். தொட்டிலை உதறினோம், பாயைத் தூக்கினோம், வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தோம். அரைமணி நேரம் கழித்து அவள் கழுத்து மடிப்பில், வாணியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கடலைப்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்க அது தாராளமாகப் போதும்.

அன்று கத்தரித்ததுதான். "ஏளா, பேர் சொல்லாததைக் கழட்டலாமா? நீயெல்லாம் அதைக் கடிச்சு வளந்தவதான்" என்று ஆச்சி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தொண்டையில் சிக்குவது மட்டுமே பிரச்சினை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, வசம்பில் பீட்டா அசரோன் என்றொரு பொருள் இருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கட்டிகள் வந்ததால் 1968-லேயே அமெரிக்காவில் உணவில் சேர்க்கக் கூடாதென்று தடை போட்டுவிட்டார்கள். நம் ஊர் வசம்பில் அது அதிகம் வேறு. வெளிநாட்டில் இதே வேலைக்கு ஆம்பர் (இறுகிப்போன பழைய மரப்பிசின்) மணிமாலை போடுகிறார்களாம். தூக்கத்தில் அந்த மாலை இறுக்கி ஒன்றரை வயதுக் குழந்தை இறந்ததைச் சொல்லி 2018-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை விட்டது. மாலையானாலும் வளையலானாலும் குழந்தை உடம்பில் நூல் கட்டினால் ஆபத்து ஒன்றுதான்.

தம்பி மெடிக்கல் கடையிலிருந்து ஒரு ஜெல் வாங்கி வந்தான். என்ன வயது என்று கடையில் கேட்கவே இல்லையாம். கண்ணாடியைப் போட்டுப் பொடி எழுத்தைப் படித்தேன்: கோலின் சாலிசிலேட், லிக்னோகெய்ன். முதலாவதை 16 வயதுக்கு உட்பட்டவர்களின் வாயில் தடவ வேண்டாம் என்று 2009-லேயே பிரிட்டனில் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது மரக்கடிக்கிற மருந்து. பல் முளைக்கிற குழந்தைக்குத் தந்தால் வலிப்பு வரலாம், இதயத்தைத் தாக்கலாம் என்று 2014-ல் எச்சரிக்கை வந்திருக்கிறது. எச்சரிக்கையெல்லாம் இருக்கட்டும், கொஞ்சம் யோசித்தாலே போதும். இப்படி வாணி ஒழுகுகிற வாயில் எந்த ஜெல் நிற்கும்? ஈறில் இரண்டு நிமிஷம், மீதியெல்லாம் வயிற்றில். தேன் தடவலாம் என்றார் அத்தை. ஒரு வயதுக்குள் தேன் கூடாது, பொட்டுலிசம் என்கிற நச்சு நோய் வரும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆனால் தடவவும் இல்லை.

இதற்கு நடுவில்தான் காய்ச்சல் வந்தது. ராத்திரி பதினொரு மணி, 102.6. "பல்லுக் காய்ச்சல்தான், விடியத் தணிஞ்சிரும்" என்று வீடே சொன்னது. தடுப்பூசி போட்டபோது வாங்கிய பாராசிட்டமால் டிராப்ஸ் இருந்தது. எவ்வளவு கொடுப்பதென்று மதினிக்கு போன் போட்டால், "எங்க பிள்ளைக்கு நாலு மில்லி கொடுத்தோம்" என்றாள். என் வீட்டுக்காரர் சொட்டுக்குழாயை எடுத்தார். அதில் ஒரு மில்லிக்கு மேல் கோடே இல்லை. நாலு தடவை ஊற்றணுமா என்று அவர் கேட்ட கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. மதினி வீட்டில் இருந்தது சிரப், 5 மில்லியில் 125 மில்லிகிராம். எங்களிடம் இருந்தது டிராப்ஸ், ஒரே மில்லியில் 100. நாலு மடங்கு காட்டம். ஏழரைக் கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 400 மில்லிகிராம் போயிருக்கும். தடுப்பூசி அன்று எழுதிக் கொடுத்த சீட்டைத் தேடி எடுத்து, டாக்டருக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டு, ஒரு மில்லி கொடுத்தோம்.

காலையில் டாக்டர் ஈறைப் பார்க்கும் முன்னால் காதைப் பார்த்தார். செவிப்பறை சிவந்து வீங்கியிருந்தது. நாலு நாளாகக் காதைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள், அதையும் பல் கணக்கில் எழுதிவிட்டோம். எங்களையும் குற்றம் சொல்ல முடியாது, பல் முளைக்கும்போதும் காதைத் தேய்ப்பார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனையில் 125 குழந்தைகளைக் கவனித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில் வாணி, கடி, சிணுங்கல், காது தேய்த்தல், லேசான சூடு எல்லாம் பல்லோடு சேர்ந்து வந்திருக்கின்றன. 102-க்கு மேல் காய்ச்சல், வாந்தி, வயிற்றால் போவது, இருமல் இதெல்லாம் சேரவில்லை. தொந்தரவும் பல் வெளிவரும் நாளையொட்டி எட்டு நாள்தான். ஆறு மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, தவழ்ந்து தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடுகிறார்கள். நோய் வருகிற வயதும் பல் வருகிற வயதும் ஒன்றாக இருப்பதால் பழி பல்லின் மேல் விழுகிறது. எந்த மருந்தைக் கொடுத்தாலும் நாலைந்து நாளில் பல் வந்துவிடும். அந்தப் பெருமை மட்டும் மருந்துக்கு.

அவளுக்கு உண்மையிலேயே சுகம் தந்தவை இரண்டு. தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசி, நனைத்து ஃப்ரிட்ஜில் வைத்த துணி. ஃப்ரீசரில் வைக்கவில்லை, விறைத்துப்போனால் ஈறு புண்ணாகும். இன்னொன்று ஆச்சியின் மரப்பாச்சி. செஞ்சந்தனக் கட்டை, சாயமோ வார்னிஷோ கிடையாது, முழுதாக வாய்க்குள் போகாத அளவு. ஆச்சியும் நானும் சமாதானமானது அந்த பொம்மையால்தான். மூக்கு எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. அது என் வேலையாம்.

ஒரு காலையில் பாலாடையில் தண்ணீர் புகட்டும்போது "டிங்" என்றது. விரலை வைத்துப் பார்த்தேன், அரிசி முனை மாதிரி சுரீரென்று குத்தியது. தம்பி ஆபீஸிலிருந்து போன் பண்ணி, ஹலோகூடச் சொல்லாமல், "மேலயா, கீழயா?" என்றான்.

"கீழடா."

இப்போது அதற்குப் பக்கத்துப் பல்லும் வந்துவிட்டது, மேல் ஈறு தடித்திருக்கிறது. ஃப்ரிட்ஜில் இட்லிமாவுக்குப் பக்கத்தில் வேட்டித்துண்டு தயாராக இருக்கிறது.