மோட்டர்ஹோம் குசினியில் ஒழுகும் பைப்: ஊர்க் கைப்பழக்கம் செல்லாத இடம்

கனடாவில் மோட்டர்ஹோம் (உள்ளேயே படுத்து, சமைத்து இருக்கிற வீட்டு வண்டி) வாங்கிக் கோடை முழுக்க அதிலேயே இருக்கிற மட்டக்களப்பு ஆட்கள், குசினிப் பைப் (சிங்கில் தண்ணீர் திறக்கும் குழாய்) ஒழுகத் தொடங்கியதும் கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ இருக்கிற தெரிந்த பைப் வேலை பாஸுக்கு வீடியோ கோல் எடுப்பார்கள். அவரும் சிங்கின் அடியைப் பார்த்துவிட்டு, "த்ரெட் டேப் நல்லா சுத்தி, ஸ்பனர் போட்டு இறுக்குங்க தம்பி" என்பார். ஊர் வேலைக்கு அது சரி. மோட்டர்ஹோமில் அப்படிச் செய்தால் நட் வெடித்து, சொட்டாக ஒழுகியது ஓட்டமாக ஓடும்.

காரணம் இரண்டு. முதலாவது அழுத்தம். ஊரில் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி பைப்பிலிருந்து 15 அடி உயரத்தில் நின்றால் பைப் வாயில் கிடைப்பது 6.5 பிஎஸ்ஐ (சதுர இஞ்சிக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு) அளவுதான். ஓர் அடி உயரத்துக்கு 0.43 என்று கணக்கு. மோட்டர்ஹோமில் தாங்கி கட்டிலுக்கு அடியிலோ தரைக்குக் கீழேயோ கிடக்கும். தண்ணீரைத் தள்ளுவது 12 வோல்ட் மோட்டர். இந்த மோட்டர்களில் பல 55 பிஎஸ்ஐ வந்ததும் தானாக நின்று, அழுத்தம் இறங்கியதும் மறுபடி ஓடும். வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம் இடத்துக் குழாயில் ஹோஸ் மாட்டினால் அதைவிடவும் கூட வரலாம். அதனால் 40 முதல் 50 பிஎஸ்ஐக்குள் அடக்கும் ரெகுலேட்டர் ஒன்றை முகாம் குழாயின் வாயிலேயே பூட்டி, அதற்குப் பிறகு ஹோஸை மாட்ட வேண்டும். வண்டிப் பக்கத்தில் பூட்டினால் ஹோஸுக்குப் பாதுகாப்பில்லை.

இரண்டாவது பொருள். எடை குறைய வேண்டும் என்பதற்காக இந்த வண்டிகளில் வரும் பைப்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் உடம்புக்கு மேலே குரோம் முலாம் பூசியவை. அடியில் இருக்கும் நட்டும் பிளாஸ்டிக்தான். பித்தளைக்குப் பழகிய கைக்கு இது எவ்வளவு மெல்லியது என்பது உடைந்த பிறகுதான் விளங்கும்.

ஒழுக்கு இருப்பதைக் கண்ணுக்கு முன்னால் காது பிடித்துவிடும். இரவில் யாரும் பைப் திறக்காமலே மோட்டர் இரண்டு மூன்று வினாடி ஓடி நின்றால், எங்கோ அழுத்தம் கசிகிறது. சிங்கின் அடி, குளிக்கும் இடம், கழிவறை எல்லாம் காய்ந்திருந்தும் அப்படி ஓடினால், மோட்டருக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்து தண்ணீர் தாங்கிக்கே திரும்பிப் போகிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது பைப்பைக் கழற்றுவது வீண்வேலை.

பைப்பிலேதான் என்றால், எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு டிஷ்யூவைத் துண்டு துண்டாகக் கிழித்து நான்கு இடத்தில் சுற்றுங்கள்: தண்ணீர் விழும் மூக்கு நுனி, மூக்கு சுழலும் அடி, கைப்பிடிகளின் கழுத்து, சிங்குக்குக் கீழ் நட்டுகள். மோட்டரைப் போட்டு கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். மேலே கசியும் தண்ணீர் வழிந்து கீழே சொட்டுவதால், கீழே ஈரம் என்றவுடன் கீழே பழுது என்று முடிவெடுக்கக் கூடாது. எந்த டிஷ்யூ முதலில் நனைகிறது என்பதே முக்கியம்.

கழற்றும் முன் மோட்டரை நிறுத்தி, வெளி ஹோஸைக் கழற்றி, சூட்டுத் தண்ணீர்ப் பெட்டியையும் அணைத்து ஆறவிடுங்கள். அந்தப் பெட்டி சிறியது. பல வண்டிகளில் 6 கலன், அதாவது 23 லீற்றர் அளவு. ஆனாலும் அதுவும் அழுத்தத்தில்தான் இருக்கும். பிறகு சூடு, குளிர் இரண்டு பக்கமும் திறந்து தண்ணீர் நிற்கும்வரை விடுங்கள். சிங்குக்குக் கீழே தனி வால்வு தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. சிங்கின் ஓட்டையை ஒரு துணியால் அடைத்துக்கொண்டால் சின்ன ஆணி உள்ளே போகாது.

மூக்கு நுனியில் சொட்டினால் உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் காட்ரிட்ஜ் தேய்ந்திருக்கும், அல்லது மண் துணுக்கோ சுண்ணாம்போ சிக்கியிருக்கும். தெற்கு ஒன்ராறியோவின் நிலத்தடி நீர் பல இடங்களில் மிகவும் கடினமானது. வெள்ளைப் படிவு இருந்தால் காட்ரிட்ஜை அரை மணி நேரம் வினாகிரியில் ஊறவைத்துக் கழுவிப் பூட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பழையதைக் கையிலேயே கொண்டு மோட்டர்ஹோம் உதிரிக் கடைக்குப் போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி நீளமும் பல்லும் மாறும். சூட்டுப் பக்கமும் குளிர்ப் பக்கமும் எதிரெதிராகத் திரும்பும் வகையும் உண்டு. ஆகவே சோடியாக வாங்குவது நல்லது.

மூக்கின் அடியில் ஈரம் என்றால் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம்தான் பழுது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான். பூட்டும்போது சிலிக்கோன் கிரீஸ் தடவ வேண்டும். வஸ்லீன் வேண்டாம், சில வகை ரப்பரை அது ஊதச் செய்யும்.

சிங்குக்குக் கீழே நட்டு நனைகிறதா? அங்கேதான் ஊர் வைத்தியம் பிழையாகிறது. ஊர் பிவிசி வேலையில் தண்ணீரை மறிப்பது புரி (த்ரெட்). அதனால் டேப் தேவை. இங்கே புரி நட்டை இழுத்துப் பிடிக்க மட்டும். மறிப்பது உள்ளே இருக்கும் கூம்பு வோஷர். டேப் சுற்றினால் நட் முழுமையாக ஏறாமல், வோஷர் உட்காராமல் நின்றுவிடும். வோஷர் தட்டையாகியோ வெடித்தோ இருந்தால் மாற்றி, குழாயை நேராகப் பிடித்து, நட்டைக் கையால் போகும் மட்டும் இறுக்குங்கள். கசிந்தால் ஸ்பனரால் கால் சுற்று, அவ்வளவுதான். அதற்கும் கசிந்தால் புரி குறுக்கே ஏறியிருக்கும். கழற்றித் திரும்பப் பூட்டுங்கள், மேலும் இறுக்காதீர்கள்.

லண்டன், ஜேர்மனி, சுவிஸ் பக்கம் இருப்பவர்களுக்குச் சமாச்சாரம் கொஞ்சம் வேறு. அங்கே பல வண்டிகளில் மோட்டரை ஓடவைப்பது பைப்புக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச். பைப்பை மூடியும் மோட்டர் நிற்காவிட்டால் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். 12 மில்லிமீற்றர் தள்ளிப் பூட்டும் இணைப்புகள் ஒழுகினால், வளையத்தை அழுத்திக்கொண்டு குழாயை இழுத்து, கீறல் விழுந்த நுனியை ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நேராக வெட்டிவிட்டு, முட்டும்வரை தள்ளினால் பெரும்பாலும் சரியாகும்.

பைப்பின் உடம்பே வெடித்திருந்தால் ஒட்டுப் பசை நிற்காது, புதிதுதான். பைப் உட்காரும் ஓட்டைகளின் இடைவெளியை நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து வாங்குங்கள். வட அமெரிக்க மோட்டர்ஹோம் குசினியில் 8 இஞ்சி வழக்கம். வீட்டுப் பைப்பும் பூட்டலாம், ஆனால் அதோடு வரும் ஹோஸ் பல நேரம் 3/8 இஞ்சி. வண்டியில் இருப்பது அரை இஞ்சி. மாற்று இணைப்பும் சேர்த்து வாங்க வேண்டும்.

பூட்டி முடித்ததும் மூக்கு நுனி வலையைக் கழற்றிவிட்டு மோட்டரைப் போடுங்கள். காற்றும் துணுக்கும் வெளியேறட்டும். பிறகு பைப்பை மூடி அரை மணி நேரம் மோட்டரைப் போட்டபடி விடுங்கள். அது ஒருமுறைகூட ஓடாவிட்டால் வேலை சரி. அடிப் பலகையைத் தொட்டுப் பாருங்கள்: ஊரில் வெயில் காயவைத்துவிடும், மூடிய வண்டியில் ஈரம் தங்கிப் பலகை ஊதிப் பூஞ்சணம் பிடிக்கும். காற்றாடி வைத்துக் காயவைக்க வேண்டும்.

பைப் வெடிப்பதற்குக் குளிர்காலமும் ஒரு பெரிய காரணம். உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து விரிந்தால் பிளாஸ்டிக் தாங்காது. ஒக்ரோபரிலேயே தண்ணீரை வடித்து, சூட்டுப் பெட்டிக்கு உள்ளே போகாமல் பைபாஸ் வால்வைத் திருப்பி, மோட்டர்ஹோமுக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்பைச் சூடு, குளிர் இரண்டு பக்கமும் நிறம் வரும்வரை ஓடவிடுங்கள். பக்கத்தில் தெளிப்பான் குழாய் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சைத் திரவத்தை மட்டும் இதில் ஊற்றவே கூடாது, அது நஞ்சு.