கொடைக்கானலில் வாலிபர் ரிட்ரீட்: நடையும் மௌனமும்

வாலிபர்களை ரிட்ரீட் என்று, ஜெபத்துக்கும் ஓய்வுக்குமாக ஒதுங்கியிருக்க, மலைக்குக் கூட்டிப் போகிற பல சபைகள் ஒரே மாதிரிதான் அட்டவணை போடுகின்றன. காலையில் இரண்டு செய்தி (பிரசங்கம்), மதியம் ஒன்று, இரவில் ஒன்று. நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் ஏரியும் சாக்லேட் கடையும். இதற்கு ஊரில் உள்ள சபை மண்டபமே போதுமே! மூன்று நாள் தங்குகிறீர்கள் என்றால் ஒரு நாளைக்கு ஒரு செய்தி, ஒரு நடை, ஒரு மௌன நேரம். இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள்.

கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களை 1845இல் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர்கள். சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் குடும்பத்தாரைப் பறிகொடுத்தவர்கள், இளைப்பாறிப் பிழைப்பதற்காக இந்த மலைக்கு ஏறினார்கள். ஓய்வுக்கென்றே உண்டான ஊர் இது. வாலிபர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் வண்டி நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும். அக்டோபர், நவம்பரில் மழையும் அட்டையும். வண்டிக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) கட்டாயம். 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்ஸுக்கு மலையில் அனுமதி இல்லை என்பதால், 40 பேர் என்றால் இரண்டு வேனாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருக்கிறது. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். வயிறு முட்ட பரோட்டா சாப்பிட்டுவிட்டு மலையேறினால் பாதிப்பேர் வாந்தி எடுப்பார்கள். வத்தலக்குண்டில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, டாக்டர் சொன்ன மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். தலைசுற்றல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

முதல் நாள் நடைக்கு ஏரியைச் சுற்றும் சாலை ஏற்றது. ஏறக்குறைய 5 கிலோமீட்டர், சமதளம். லூக்கா 24இல் இரண்டு சீஷர்கள் பேசிக்கொண்டே நடந்த எம்மாவு வழிப்பயணத்தைப் போல, இரண்டு இரண்டு பேராக அனுப்புங்கள். ஜோடியைத் தலைவர்களே முடிவு செய்ய வேண்டும். விட்டுவிட்டால் நெருங்கிய நண்பர்களே சேர்ந்துகொண்டு கிரிக்கெட் பேசுவார்கள். அண்ணன்மார் பையன்களோடும் அக்காமார் பெண்பிள்ளைகளோடும் நடக்கட்டும். பாதிச் சுற்று ஒருவர் பேச மற்றவர் கேட்பது, மீதிச் சுற்று மாற்றி. கேள்வி ஒன்றே ஒன்று: “இந்த வருஷம் உனக்குப் பாரமாக இருந்தது எது?” கேட்பவர் புத்தி சொல்லக் கூடாது. ஜோடிகளுக்கு நடுவே இரண்டு நிமிட இடைவெளி விட்டால் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழாது. காலை ஆறரைக்கே தொடங்கிவிடுங்கள். நேரம் ஆக ஆகக் குதிரையும் வாடகை சைக்கிளும் சாலையை நிறைத்துவிடும்.

இரண்டாம் நாள் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை முனைக்கு நடை. இறங்கும்போது சுலபமாகத் தெரியும், திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். மண் அரித்துப்போய் மரவேர்கள் பாதையில் குறுக்கும் நெடுக்குமாக எழும்பி நிற்கும். காலைப் பனியில் அந்த வேரின் முதுகு எண்ணெய் தடவினது போல வழுக்கும். வேரின் மேல் மிதிக்காமல், இரண்டு வேருக்கு நடுவே உள்ள மண்ணில் பாதத்தை முழுதாக வைக்கப் பழக்குங்கள். செருப்பு வேண்டவே வேண்டாம். அடி தேய்ந்த ஷூவும் ஆகாது. முன்னால் ஒரு தலைவர், கடைசியில் ஒரு தலைவர், பத்துப் பேருக்கு ஒருவர் நடுவில். இறங்கும்போது மௌனம், ஏறும்போது பேச்சு. மாற்றிச் செய்தால், பேசிக்கொண்டே இறங்குகிறவன் கால் இடறுவான். பாறை விளிம்புக்கு மூன்று மீட்டர் முன்பே கூட்டத்தை நிறுத்தி உட்கார வையுங்கள். செல்ஃபிக்காக ஒருவரைக்கூட விளிம்புக்கு விடாதீர்கள், கீழே அதலபாதாளம்.

வெள்ளகவி கிராமம் வழியாக மலையடிவாரத்துக் கும்பக்கரைக்கு இறங்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வாலிபர் கூட்டத்தோடு அது வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் சோலைக்காட்டுக்குள் காலே வைக்காதீர்கள்.

ரிட்ரீட்டின் உயிர் என்று நான் நினைப்பது மௌன நேரத்தைத்தான். தங்கும் இடத்தின் தோட்டமே இதற்குப் போதும். முதல் நாள் 20 நிமிடம், மறுநாள் 40, மூன்றாம் நாள் 60. எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் சோர்ந்துபோவார்கள். போன்களை முன்கூட்டியே ஒரு பையில் வாங்கி வையுங்கள். ஆளுக்கு ஆள் முப்பது அடி இடைவெளி இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் கிசுகிசுப்பு தொடங்கும். ஈரத்தரை என்பதால் ஒரு ரெக்ஸின் துண்டு, ஸ்வெட்டர், பென்சில், 121ஆம் சங்கீதம் மட்டும் அச்சடித்த ஒரு தாள். மூன்று தடவை மெதுவாக வாசிக்க வேண்டும். வேதபாடக் கேள்விகள் கொடுக்கக் கூடாது. ஒரு விசில் தொடக்கம், மூன்று விசில் முடிவு. முதல் பத்து நிமிடம் எல்லாரும் நெளிவார்கள், சிலர் தூங்கிவிடுவார்கள். தூங்கட்டும். தலைவர்கள் கண்காணித்துக்கொண்டே நடமாடாமல் அவர்களும் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும்.

பசியிலும் குளிரிலும் யாருக்கும் ஜெபம் வராது. 1 இராஜாக்கள் 19ஐப் பாருங்கள்: சாகக் கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். இரண்டு தடவை சாப்பிட்டுத் தூங்கிய பிறகுதான் ஓரேப் மலைக்குப் பயணமும், அங்கே கர்த்தர் பேசிய அந்த மெல்லிய சத்தமும். ஆகையால் சமையலைக் கவனியுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். கொண்டைக்கடலைக்கு இன்னும் நேரமாகும். பெரிய குக்கர் இரண்டு எடுத்துக்கொண்டு, கடலையை முந்தின இரவே ஊறப்போடுங்கள். நடை முடிந்ததும் ஒரு டம்ளர் சுக்குக்காபியும் கடலை மிட்டாயும்.

கேம்ப் ஃபயர் தங்கும் இடத்தின் அனுமதியோடு வெட்டவெளியில் மட்டும், பக்கத்தில் நாலு வாளி தண்ணீரோடு. மார்ச் வறட்சியில் காற்று வீசினால் அதையும் விட்டுவிட்டு உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடுங்கள். இருட்டியபின் தனியாக யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். காட்டுமாடு ஊருக்குள்ளேயே மேயும். எதிர்ப்பட்டால் ஓடாமல், டார்ச்சை முகத்தில் அடிக்காமல், மெல்லப் பின்வாங்க வேண்டும்.

கடைசி நாள், தேவன் தங்களுக்குச் செய்ததைச் சொல்லும் சாட்சி நேரத்தில் யாரையும் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். எம்மாவு நடையில் கேட்டது வெளியே போகக் கூடாது என்பதை அங்கே மறுபடியும் சொல்லுங்கள். அந்த ஜோடிகள் நாலு வாரம், வாரம் ஒரு தடவை, ஒருவரையொருவர் கூப்பிட்டு ஜெபிக்கட்டும். யார் எந்த நாளில் கூப்பிடுவது என்பதை வேனில் ஏறுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.